திரையின் வலது ஓரம்

அகலத்திரை ரசிகர்கள் கூடுகிற இடத்தில் அவருக்கு ‘இன்டர்வல்’ என்று பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே ஒருவருக்கும் ஆள் விளங்காது. பேருந்து நிலையத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கூட்டத்துக்கு யாராவது புதிதாக வந்துவிட்டால் போதும், மற்றவர்கள் அவரைக் கிண்டிவிடுவார்கள். அவரும் சலிக்காமல் ஆரம்பிப்பார்.

“எங்கம்மா சினிமாப் பக்கம் தலைவெச்சே படுக்காதவங்க. பக்கத்து வீட்டுக்காரங்க ஒருநாள் வலுக்கட்டாயமா நம்ம ஊர் எழுபது எம்.எம். தியேட்டர்ல ஓடின ஒரு படத்துக்கு இழுத்துட்டுப் போனாங்க. அவ்வளவுதான், பிடிச்சுது பைத்தியம். அப்புறம் வாராவாரம் என்னையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. ஆனா ஒண்ணு, இன்டர்வல் மணி அடிச்சா ‘எந்திரிடா, போலாம்’னுடுவாங்க. ஏம்மான்னா, ‘உங்கப்பா வர்ற நேரமாச்சு’. அந்தப் படத்துல முதல் பாதி எனக்கு மனப்பாடம். மீதி என்னன்னு மீசை முளைச்சப்புறம் டிவியில பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அதற்குள் ‘சவுண்டு’ குறுக்கே புகுந்துவிடுவார். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு தடத்து ஒலி என்றால் உயிரையே விடுவார். “ரயிலு இடது காதுல கிளம்பும்யா. தலைக்கு மேல ஓடும். வலது காதுல போய்ப் பெருமூச்சு விட்டு நிக்கும். இப்பவும் இருக்கே சவுண்டு, டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி!” என்பார்.

இவர்கள் வாய்விட்டுப் பேசிப் பேசியே உயிரோடு வைத்திருந்த அந்தத் தியேட்டருக்கு ஒருநாள் நிஜமாகவே உயிர் வந்தது. வருஷக்கணக்கில் பூட்டிக்கிடந்த இடத்தைப் புதிதாக ஒருவர் எடுத்து நடத்த முன்வந்தார். மூலையில் கிடந்த எழுபது எம்.எம். புரொஜெக்டரைப் பிரித்துத் துடைத்து ஓடவைத்தார்கள். அந்தப் படத்தின் பழைய பிரதி ஒன்றை ஒரு திரைப்படக் காப்பகம் மூன்று நாளைக்கு மட்டும் இரவல் தந்தது. செய்தி வந்த அன்று சவுண்டு போனில் அழுதேவிட்டார்.

முதல் நாள் பகல் காட்சி. கண்ணாடிக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். சிவப்புக் கம்பளம் நூல் நூலாகப் பிரிந்திருந்தாலும் அதே கம்பளம்தான். மாடிப்படியின் பித்தளைக் கைப்பிடியை யாரோ அவசரமாகப் புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். உள்ளே, வளைந்த திரைக்கு முன்னால் மடிப்பு மடிப்பாகத் திரைச்சீலை தொங்கியது. ரசிகர்கள் எல்லாரும் நட்டநடுவில் நல்ல இருக்கைகளாகப் பார்த்து உட்கார்ந்தபோது, அவர் மட்டும் முன்வரிசைக்கு இறங்கி வலது பக்கச் சுவரோரமாகப் போனார்.

“யோவ் இன்டர்வல், அங்க எங்கய்யா போறே? கழுத்து சுளுக்கிக்கும்!” என்றார் சவுண்டு.

“எங்கம்மா எப்பவும் இங்கதான் உக்காருவாங்க. ஒருநாளாவது அவங்க இடத்துல உக்காந்து முழுசாப் பாத்துட்டுப் போறேன்.”

விளக்கு அணைந்தது. சீலை விலக விலக, முடிவே இல்லாததுபோலத் திரை விரிந்துகொண்டே போனது. அவருக்கு மேல் எல்லாம் சிலிர்த்தது. ஒவ்வொரு வசனத்தையும் உதட்டுக்குள் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார். இடைவேளைக்குச் சற்று முன்னால் அந்த ரயில் நிலையக் காட்சி வந்தது. கதாநாயகி நடுவில் நின்று ரயிலைப் பார்த்துக் கையசைக்கிறாள். கேமரா நகராமல் நிற்க, நடைமேடை முழுவதும் ஜனம். எல்லாரும் அவளைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அவர் இருந்த இருக்கையிலிருந்து அவள் எங்கோ தூரத்தில், கோணலாகத் தெரிந்தாள். பக்கத்தில் இருந்தது திரையின் ஓரம்தான்.

அந்த ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். அதனருகே ஒரு வாலிபன் தலையிலிருந்த பெட்டியை இறக்கிவைத்தான். சட்டைத்தோளில் முகத்தை அழுத்தித் துடைத்தான். பிறகு, பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்ததை மறந்தவன்போல, நேராகக் கேமராவைப் பார்த்தான்.

ஆள் உயரத்துக்கு, எட்டிக் கை கொடுத்தால் பிடித்துக்கொள்கிற தூரத்தில், கண்ணாடிக்கடைக்காரரின் அண்ணன் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இடது புருவத்தில், சைக்கிளோடு விழுந்து கிழிந்த இடத்தில் முடி முளைக்காத கோடுகூட அப்படியே இருந்தது.

அவர் எழுந்து நின்றுவிட்டார். “அண்ணா!” என்று குரல் கிளம்பிவிட்டது. பின்னாலிருந்து, “உக்காருங்க சார், மறைக்குது!” என்று சத்தம் வந்தது. அவர் உட்கார்ந்தபோது திரையில் ரயில் போய்விட்டிருந்தது.

அவருக்கு ஆறு வயதிருக்கும்போது அண்ணன் செத்துப்போனான். ஆற்றைக் கடக்கிற படகு கவிழ்ந்து ஏகப்பட்ட பேர் போன வாரம் அது; பலருடைய உடம்பு கிடைக்கவில்லை. “அதுலதான் நம்ம பையனும் போனான்” என்று அப்பா வந்து சொன்னதும், அம்மா நின்ற இடத்திலேயே சரிந்ததும் அவருக்கு மங்கலாக நினைவிருக்கிறது. வீட்டுச் சுவரில் அண்ணனின் படம் ஏறியது. அந்தப் படத்தில் இருந்த அதே முகம்தான் இப்போது திரையில் நின்றது.

இடைவேளை விளக்கு எரிந்ததும் அவர் சவுண்டிடம் ஓடினார்.

“அந்த ஸ்டேஷன் சீன் எப்ப எடுத்தது?”

“என்னய்யா இப்படி வேர்த்து ஊத்துது உனக்கு? அதுதான் கடைசியா எடுத்த சீன். ஹீரோயினுக்குக் கால்ல அடிபட்டு, ஷூட்டிங் தள்ளித் தள்ளிப் போய், படம் வெளிவர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் எடுத்தாங்க. ஏன்?”

படகு கவிழ்ந்தது அதற்கு இரண்டு வருஷம் முன்னால். அவர் சுவரோரம் காலியாகக் கிடந்த அந்த இருக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை காலமாகத் தான் வேடிக்கையாகச் சொல்லிவந்த கதை அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அம்மாவுக்கு சினிமாப் பைத்தியம் பிடிக்கவே இல்லை. செத்துப்போனதாக நினைத்த மகனைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள். பார்த்த பிறகு அவளுக்கு அங்கே என்ன வேலை? அதுதான் எழுந்து போயிருக்கிறாள். பக்கத்தில் கடலை கொறித்துக்கொண்டிருந்த சின்ன மகன் கதாநாயகியையும் ரயிலையும் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறான். ஓரத்தில் நின்ற அண்ணனை ஒருதடவைகூடப் பார்க்கவில்லை.

அன்றும் அவர் மீதிப் படத்தைப் பார்க்கவில்லை. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, வெளித்தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருந்து, அடுத்த காட்சிக்கு மறுபடியும் உள்ளே போனார். பார்த்தது பிரமையாக இருந்துவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தார். பிரமை இல்லை. அதே குழாய், அதே பெட்டி, அதே புருவம்.

மறுநாள் காலையில் நேரே அக்காவின் தையற்கடைக்குப் போனார். பள்ளிச் சீருடைகள் தைக்கிற இடம் அது. அக்கா நீள மேசையில் துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

“வாடா தம்பி. என்ன, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?”

“அண்ணன் சாகலக்கா.”

சாக்கட்டி நின்றது. அக்கா மெஷினில் இருந்த பெண்களை வெளியே தேநீர் குடித்துவிட்டு வரச் சொன்னாள். அவர்கள் போனதும் கதவைச் சாத்தினாள்.

“யாரு சொன்னா உனக்கு?” என்றாள்.

‘என்ன உளர்றே’ என்பாள், அழுவாள், மயங்கி விழுவாள் என்றெல்லாம் அவர் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

“அப்ப உனக்குத் தெரியுமா?”

அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஒரு வயசாளி கடை வாசலில் வந்து நின்றாராம். சட்டை தைக்க வந்தவர் என்று நினைத்து, ‘ஆம்பளைங்க துணி தைக்கிறதில்லைங்க’ என்று சொல்லியிருக்கிறாள். அவர் அவளைச் சின்ன வயதுச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம்.

“அப்பா அம்மாவை அடிக்கக் கை ஓங்கினப்ப அண்ணன் குறுக்க விழுந்து அப்பாவைப் பிடிச்சுத் தள்ளிட்டாராம். அன்னிக்கே அப்பா அவரைக் கூட்டிட்டுப் போய் ரயில் ஏத்தி விட்டுட்டாருடா. ‘உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு உங்கம்மா சொல்லிட்டா, இனி இந்தப் பக்கம் வராதே’ன்னு சொல்லியிருக்காரு. அதை நம்பித்தான் அண்ணன் வரவே இல்ல. அந்த வாரமே படகு கவிழ்ந்துச்சு. அப்பா அதுல இவரையும் சேத்து எழுதிட்டாரு.”

“பாவி மனுஷன்!” என்றார் அவர். காலமாகிவிட்ட அப்பாவைப் பற்றி வாழ்நாளில் அவர் சொன்ன முதல் கெட்ட வார்த்தை அது. “நீ ஏன் என்கிட்ட சொல்லல? மூணு வருஷமாக்கா!”

“அண்ணன்தான் வேண்டாம்னாரு. ‘நானே போய்ப் பாக்கறேன், அடையாளம் தெரியுதான்னு பாப்போம்’னு போனாரு.”

“எங்க போனாரு?”

அக்கா தலையைத் தூக்கவில்லை. “உன் கடைக்கு வந்தாருடா. நீதான் கண்ணு பாத்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்தே. இன்னைக்கும் அதைத்தான் போட்டிருக்காரு.”

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். தாடையை இப்படி வையுங்கள் என்று சொல்லியிருப்பார். விரலால் இமையைத் தூக்கியிருப்பார். ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து அந்தக் கண்ணுக்குள்ளேயே விளக்கடித்துப் பார்த்திருப்பார். எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு முகம் நினைவுக்கு வரவில்லை. தினமும் எத்தனையோ நரைத்த புருவங்கள்.

“‘அவன் என் கண்ணைத்தான் பாத்தான், என்னைப் பாக்கல. விட்டுடு’ன்னுட்டுப் போயிட்டாரு. நான் என்ன பண்ணட்டும் சொல்லு.”

அவருக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. கதவுவரை போனவர் திரும்பி வந்தார். தியேட்டரில் பார்த்ததையும், அம்மா வாரந்தோறும் அந்த ஓரத்தில் போய் உட்கார்ந்ததையும், இடைவேளையில் எழுந்து வந்ததையும் மளமளவென்று சொன்னார். இப்போது அக்காவின் முகம் வெளுத்தது.

“அம்மாவுக்குத் தெரியுமா? அவர் உசுரோட இருக்காருன்னு அம்மாவுக்குத் தெரியுமா?” அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். “வீட்ல இருந்தவரைக்கும் மூட்டை தூக்காதவர் ஸ்டேஷன்ல பெட்டியோட நின்னா அம்மாவுக்குப் புரிஞ்சிருக்குமே. அதான் அந்தப் படம் வந்த வருஷத்துல இருந்து அம்மா அப்பாவோட ஒரு வார்த்தை பேசலையா? நான் ஏதோ வயசான கோபம்னு இருந்தேனே... அண்ணன் இன்னும் என்ன நினைச்சிட்டிருக்காரு தெரியுமா? அம்மா தன்னை வெறுத்துட்டே போய்ச் சேந்துட்டாங்கன்னு. இல்லன்னு நான் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றேன்னு நம்ப மாட்டேங்கறாரு.”

“விலாசத்தைக் கொடு” என்றார் அவர்.

அண்ணன் இருந்தது பேருந்தில் அரைநாள் தூரத்தில், ஒரு துறைமுக ஊரில். கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகள் வெளியூரில். மறுநாள் சாயங்காலம் அவர் மாடிப்படி ஏறிப்போனபோது கதவு திறந்தே இருந்தது. தரையில் செய்தித்தாளை விரித்து, மேசை மின்விசிறி ஒன்றை அக்கக்காகக் கழற்றிப் போட்டிருந்த ஒரு மனிதர் நிமிர்ந்து பார்த்தார். மூக்கில் கறுப்புச் சட்டக் கண்ணாடி. தன் கடைச் சரக்கு என்று பார்த்தவுடன் தெரிந்தது.

அண்ணன்தான் முதலில் பேசினார்.

“கண்ணாடி சரியில்லன்னு கம்ப்ளெயின்ட் பண்ண நானில்ல வரணும்? நீ வந்திருக்கே.”

“என்னை மன்னிச்சிடுங்க” என்றார் தம்பி. “உங்களை எனக்கு...”

“நீன்னே சொல்லுடா. ஆறு வயசுல என் முதுகுல ஏறி உக்காந்து ‘போடா’ன்னவன் நீ.”

தம்பி வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அண்ணன் எழுந்து வந்து, எண்ணெய்க் கை படாமல் முழங்கையால் அவர் தோளை இடித்து, “உள்ள வாடா, ஊரே பாக்குது” என்றார்.

படத்தைப் பற்றிச் சொன்னதும் அண்ணன் நம்பவில்லை.

“அட அதுவா! அப்ப ஸ்டேஷன்ல மூட்டை தூக்கிட்டிருந்தேன். ஒருநாள் லாரி லாரியா விளக்கு வந்து இறங்குச்சு. ‘எல்லாரும் உங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க, கேமராவை மட்டும் பாக்காதீங்க’ன்னாங்க. நான் பாத்துத் தொலைச்சிட்டேன். படம் வந்ததும் கூட இருந்த பசங்களை எல்லாம் கூட்டிட்டுப் போனேன். நானும் இல்ல, குழாயும் இல்ல! என்னை எப்படி ஓட்டினாங்க தெரியுமா? வெட்டிட்டாங்கடா என்னை.”

“வெட்டல. சின்னத் தியேட்டர்ல ரெண்டு ஓரமும் திரைக்குள்ள வராது. டிவியிலயும் அப்படித்தான். முழுசாத் தெரியறது எழுபது எம்.எம்.ல மட்டும்தான். நம்ம ஊரு தியேட்டர்ல நீ இருந்தே. குழாய்க்குப் பக்கத்துல, தோள்ல மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு...” தம்பி அண்ணனின் முகத்தைப் பார்த்தார். “அம்மா பாத்தாங்க.”

அண்ணன் கையில் இருந்த திருப்புளி அப்படியே நின்றது.

“யாரு?”

“அம்மா. வாராவாரம் என்னைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. நீ நிக்கிற ஓரத்துக்குப் பக்கத்துலயே இடம் பாத்து உக்காருவாங்க. நீ வந்து போனதும் எந்திரிச்சிடுவாங்க. தியேட்டர்ல இருந்து படத்தைத் தூக்கற வரைக்கும் வந்தாங்க. அப்பா சொன்னது பொய்யி. உன்னைப் போகச் சொன்னது அவங்க இல்ல. நீ படகுல போயிட்டேன்னு சொல்லி அவங்களையும்தான் அவரு ஏமாத்தினாரு.”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற மனிதரை யாரோ பிடித்து நிமிர்த்தியதுபோல அவர் உடம்பு ஒருதரம் உதறியது.

“அந்தப் படத்தை இப்பப் போனாப் பாக்கலாமா?”

“இன்னைக்குக் கடைசி ஷோ. பெட்டியைக் கட்டிக் காப்பகத்துக்கு அனுப்பிடுவாங்க. நாம போய்ச் சேர முடியாது.”

அண்ணன் தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நான் வர்றப்ப அம்மா அழுவாங்களாடா?”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்குவரை வந்தது. ஆனால் தம்பியால் முடியவில்லை.

“தெரியலண்ணா. நான் அவங்களைப் பாக்கல. ரயிலைப் பாத்துட்டிருந்தேன்.”

அண்ணன் ஜன்னலோரமாகப் போய் நின்றார். அக்காவிடமிருந்து தம்பிக்கு போன் வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது தடவை அடித்தபோது அண்ணனே திரும்பி வந்து அதை வாங்கிக் காதில் வைத்தார். “ம்... சொல்லிட்டான்” என்றார். அந்தப் பக்கம் அக்கா அழுதுகொண்டிருந்தாள். போனைக் காதோடு வைத்தபடி அவர் அப்படியே தரையில், கழற்றிப்போட்ட விசிறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தம்பியும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.