ஆறு பூட்டு

எப்பேர்ப்பட்ட பூட்டையும் இரண்டு நிமிடத்தில் திறந்துவிடுகிற அந்தப் பூட்டுக்காரர், தன் வீட்டுக் கதவுக்கு மட்டும் ஏழு மாதத்தில் ஆறு பூட்டு மாற்றியிருந்தார். எல்லாம் தங்கைக்காக.

புருஷன் விட்டுப் போனதிலிருந்து அவள் அண்ணனோடுதான் இருந்தாள். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. முந்நூறு பக்கத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவள் ஒரு நாள் சாயங்காலம், "அண்ணே, நாம இல்லாதப்ப யாரோ உள்ள வந்துட்டுப் போயிருக்காங்க" என்றாள். சீப்பு இடம் மாறியிருந்ததாம்.

வேறொரு அண்ணனாக இருந்தால் போடி வேலையைப் பார் என்று சொல்லியிருப்பார். இவரால் முடியாது. அவர்களுடைய அப்பா, அவள் வாயைத் திறந்தாலே பொய்க்காரி என்பார். வயிற்றுவலி என்றாலும் பொய், காய்ச்சல் என்றாலும் பொய். பன்னிரண்டு வயதில் அவளுக்குக் குடல்வால் வெடித்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது அண்ணன்தான். இனி இவள் சொல்வதைத் தட்டவே கூடாது என்று அன்றைக்கு மனசுக்குள் முடிச்சுப் போட்டவர்.

ஆகவே மறுபேச்சில்லாமல் பூட்டை மாற்றினார். பத்து நாள் நிம்மதி. பிறகு செருப்பு திரும்பியிருந்தது. இரண்டாவது பூட்டு. அடுத்து அலமாரிக் கதவு. மூன்றாவது. அச்சக முதலாளி, "மனசைப் போட்டுக் குழப்பிக்காதம்மா" என்றபோது அவள் சிரித்தாளாம். "யாரும் வரலைன்னா எங்கண்ணன் எதுக்கு சார் பூட்டை மாத்தறாரு? அவரு பூட்டுக்காரரு."

நாலாவது பூட்டைக் கழற்றியபோது அவருக்குப் புத்தி சும்மா இருக்கவில்லை. பிரித்து, உள்ளே இருக்கிற பித்தளைக் குச்சிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஒரு குச்சியில் மெல்லிய கீறல். புதுச் சாவி உரசினாலே அப்படிக் கீறல் விழும். முப்பது வருஷத் தொழில், அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கம்பி விட்டுத் திறந்தால் விழுகிற கீறலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். அன்றிலிருந்து கடைக்குக் கிளம்பும்போது சீப்பு எங்கே இருக்கிறது என்று அவரும் பார்த்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். திரும்பி வந்து பார்த்தால், அங்கேயேதான் இருந்ததா, கொஞ்சம் நகர்ந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஆறாவது பூட்டுக்குப் பிறகு அவள் வேலைக்கே போகவில்லை. வீட்டைக் காவல் காத்தாள். தண்ணீரில் எதையோ கலக்கிறார்கள் என்று குடிக்காமல் நாக்கு வறண்டு கிடந்தாள். பயந்துபோய்த்தான் மனநல மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்.

டாக்டரம்மா அவரைத் தனியாக உட்கார வைத்து முழுக் கதையையும் கேட்டார்.

"இது எங்கப்பாவால வந்ததாம்மா? இல்ல, என்னாலயா?"

"ஒரு ஆளைக் கை காட்ட முடியாதுங்க. உடம்புவாகு, சின்ன வயசுல பட்டது, தனியா நின்னது, எல்லாம் சேர்ந்து வரும். வீட்ல கூட இருக்கறவங்க நடந்துக்கறதுல கூடவும் செய்யும், குறையவும் செய்யும்."

"நான் அவ மேல உசிரையே வச்சிருக்கேன்."

"தெரியுது. அதனாலதான் அவங்க உங்களை மட்டும் நம்பறாங்க. இந்த மாத்திரை இப்பவே ஆரம்பிக்கணும், நான் குடுத்தா தொட மாட்டேங்கறாங்க. யாரும் வரலைங்கறதை நீங்க நம்பறீங்கன்னா, அதை உங்க வாயால சொல்லுங்க."

நம்புகிறேனா? அவருக்கே தெரியவில்லை. கீறல் கண்ணுக்குள் நின்றது. தண்ணீர் குடிக்காமல் வெடித்திருந்த தங்கையின் உதடும் நின்றது. மாத்திரை டப்பாவை வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார்.

அவள் சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, டாக்டர்கிட்ட சொல்லிட்டியா? யாரோ வர்றாங்கன்னு?"

"யாரும் வரலம்மா."

"என்ன?"

"நம்ம வீட்டுக்கு யாரும் வரல."

அவள் அவர் முகத்தை, அச்சுத்தாளைப் படிப்பதுபோல வரி வரியாகப் பார்த்தாள். "அப்ப அத்தனை பூட்டு?"

"நீ பயப்படக் கூடாதுன்னு மாத்தினேன்."

"அப்பாவாவது மூஞ்சிக்கு நேரா சொன்னாரு" என்றாள். "நீ ஏழு மாசமா என்னை நம்பாமயே தலையாட்டியிருக்கே."

நம்பினேன் என்பது அவர் தொண்டை வரை வந்துவிட்டது. அதுதான் உண்மை. நாலாவது பூட்டிலிருந்து அவளைவிட அதிகமாக நம்பியிருக்கிறார். அதைச் சொன்னால் இந்த நிமிஷமே அவளுக்கு அண்ணன் திரும்பக் கிடைப்பான். மாத்திரை டப்பாவிலேயே கிடக்கும்.

"ஆமா" என்றார். "நம்பல."

அவள் அவரைப் பார்க்காமல் கையை நீட்டினாள். அவர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்தார். தம்ளர் தண்ணீரை மட்டும், "நர்ஸைக் குடுக்கச் சொல்லு" என்றாள்.