கறுப்புக் கண்ணாடி

“மாமா, புள்ள புடிக்கிறவங்க எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் வருவாங்களா?”

நாடகம் முடிந்து குழாயடியில் முகத்து மையைக் கழுவிக்கொண்டிருந்த இஸ்திரிக்காரரிடம் வாலு இப்படிக் கேட்டாள். ஆறு வயது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, “ஆமாடி கண்ணு. கறுப்புக் கண்ணாடியும் தேன் ஒழுகுற பேச்சுமா எவனாவது வந்தா, ஒரே ஓட்டமா ஓடிடணும்” என்றார்.

பகலில் துணி தேய்ப்பது அவர் தொழில். சாயங்காலம் டீச்சரம்மாவின் நாடகக் குழுவோடு தெருத்தெருவாகப் போவார். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போய் விற்றுவிடும் தரகர்களைப் பற்றிய நாடகம் அது. தரகர் வேஷம் அவருக்கு. கறுப்புக் கண்ணாடி, விரல் நிறைய மோதிரம், வாய் நிறையத் ‘தங்கம்’, ‘செல்லம்’. அவர் நுழைந்தாலே கூட்டம் கூச்சல் போடும். ஒருமுறை பால்காரர் ஒருவர் செருப்பையே வீசினார். அதுதான் பெரிய விருது என்றார் டீச்சரம்மா.

அன்று, ஏமாறும் பெண்ணாக நடிப்பவளின் செருப்பு கடைசி நேரத்தில் அறுந்துவிட்டது. வீட்டை விட்டுக் கிளம்பும் காட்சிக்குச் செருப்பு வேண்டும். வாலுவின் அக்கா முன்வரிசையிலிருந்து எழுந்து தன் நீலச் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள்.

“போட்டுக்கங்கக்கா. ஆனா திருப்பிக் குடுத்துடணும். இல்லன்னா எங்கம்மா என் தோலை உரிச்சிடும்.”

மூட்டை கட்டும் அவசரத்தில் அந்தச் செருப்பு குழுவின் பெட்டிக்குள் போய்விட்டது. வாலுவின் அக்கா வெறுங்காலோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அடுத்த தடவை கொடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மழைக்காலம் முடிந்த சமயம், வாலுவின் அம்மா இஸ்திரிக்காரரின் மேஜை முன் வந்து நின்றாள். கிடங்கில் சாக்கு தைப்பவள். கையில் தேய்க்கத் துணி எதுவும் இல்லை.

“அண்ணே, பெரியவ போனை எடுக்க மாட்டேங்குறா.”

“எங்க போயிருக்கா?”

“வேலைக்கு. அவ அப்பாவுக்குத் தங்கச்சி முறை ஒருத்தி இருக்கா. அவதான் கூட்டிட்டுப் போனா. வயசான ரெண்டு பேரைப் பாத்துக்கிற வேலையாம்.”

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “விலாசம் வாங்கினியா? அந்த வீட்டுக்காரங்ககிட்ட நீ பேசினியா?”

“சொந்தக்காரிகிட்ட எப்படிண்ணே விலாசம் கேக்கிறது? மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க மாட்டாளா? சர்ட்டிபிகேட்டைக்கூட, நானே பத்திரமா வச்சிருக்கேன்னு வாங்கிட்டா.”

“நாடகம் பாத்தியே, தங்கச்சி...”

“பாத்ததாலதாண்ணே அனுப்பினேன்.” அவள் குரல் உயரவில்லை. “நீங்க காட்டினதையெல்லாம் வச்சுப் பாத்தேன். அவ கண்ணாடி போடல. கொஞ்சிப் பேசல. புள்ளைய இப்படியா வளப்பேன்னு என்னைத்தான் திட்டினா. திட்டுறவ நம்ம நல்லதுக்குத்தான் திட்டுவான்னு நம்பிட்டேன். சின்னதுகூடச் சொல்லுச்சு, ‘அத்தைக்குக் கண்ணாடி இல்லம்மா, அக்கா போகட்டும்’னு.”

அப்போதே கடையைச் சாத்திவிட்டு அவளைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அத்தையின் எண் அணைந்து கிடந்தது. அவள் இருப்பதாகச் சொன்ன வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். புகாரை எழுதிக்கொண்ட காவலர் இரக்கமுள்ளவர். டீ வரவழைத்துக் கொடுத்தார். “போன் எடுக்காத அன்னைக்கே ஓடி வந்திருக்கணும்மா” என்றார். அவள் அதைத் தொடவேயில்லை. இஸ்திரிக்காரர்தான் டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தார். அதற்கு மேல் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. பிறகு எத்தனையோ முறை இருவரும் அந்தப் படி ஏறினார்கள். “தேடிட்டிருக்கோம்” என்பதே பதில்.

இஸ்திரிக்காரர் கறுப்புக் கண்ணாடியை டீச்சரம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

“இனிமே தரகர் வேணாம்மா. அத்தை வரட்டும்.”

“அத்தையா யார் நடிப்பா?”

“நானே. மீசையை எடுத்துடறேன்.”

வழக்கமாக எதற்கும் சிரிக்கும் குழு அன்று சிரிக்கவில்லை.

புது நாடகத்தில் அத்தை பழம் வாங்கிக்கொண்டு வருவாள். உரிமையோடு திட்டுவாள். வாலு வயதுப் பிள்ளை ஒன்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்கும்: “எந்த வீடு அத்தை? அங்க இருக்கிறவங்ககிட்ட எங்கம்மா இப்பவே பேசலாமா? அக்கா சர்ட்டிபிகேட் உங்களுக்கு எதுக்கு?” யாரும் கூச்சல் போடவில்லை; செருப்பு வீசவில்லை. பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் பாதியில் எழுந்து, போனைக் காதில் வைத்தபடி ஓடினாள். மறுமுனையில் யாராவது எடுத்தார்களா, தெரியாது. எடுத்திருக்க வேண்டும் என்று இஸ்திரிக்காரர் கடவுளைக் கும்பிட்டுக்கொண்டார். சாக்கு தைப்பவளின் மகளுக்காகவும் கும்பிட்டார்.

ஒருநாள் குழுவின் பெட்டியைத் துடைத்தபோது அடியில் நீலச் செருப்பு கிடந்தது. பெட்டியோடு தெருத்தெருவாக அலைந்து வார் நைந்திருந்தது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் புது வார் போட்டு, தானே கழுவிக் காயவைத்தார்.

அம்மா கிடங்கிலும் வாலு பள்ளிக்கூடத்திலும் இருக்கும் பகல் நேரத்தில் அந்த வீட்டுக்குப் போனார். கதவில் கொண்டி மட்டும் போட்டிருந்தது. பெரியவள் வந்தால் வெளியே நிற்கக்கூடாது என்று அம்மா இப்போதெல்லாம் பூட்டுவதில்லை.

செருப்பை வாசலில் வைத்தார். பின்னால் நகர்ந்து பார்த்தபோது, யாரோ இப்போதுதான் கழற்றிவிட்டு உள்ளே போனது போலிருந்தது. தெருமுனையிலிருந்தே அதைப் பார்க்கப்போகும் அம்மாவின் முகம் அவர் கண்முன் வந்தது. சட்டென்று குனிந்து எடுத்துக்கொண்டார்.

கொண்டியை நீக்கி உள்ளே போனார். கட்டிலுக்கு அடியில், மடித்து வைத்திருந்த பெரியவளின் துணிகளுக்குப் பக்கத்தில், செருப்பைச் சேர்த்து வைத்தார். வெளியே வந்து, கொண்டியை முன்பு இருந்தபடியே மாட்டிவிட்டு நடந்தார்.