பேச்சியம்மாள் ஏ/பி அய்யாவு

"படகு வந்துச்சு லோசு. ஆனா அவன் போன்ல என் பேரு இல்லையாம். 'நாமா தாக் அடா, ஆண்ட்டி'ன்னுட்டு பின்வரிசை வீட்டு மலாய்க்கார மக்சிக்கை மட்டும் ஏத்திக்கிட்டுப் போயிட்டான்."

கோத்தா திங்கியில இருந்து சின்னம்மா போன்ல சொன்னாங்க. அவங்க வீட்டு மாடிப்படியில பாதி வரைக்கும் வெள்ளம். டயாலிசிஸ் தவறி இன்னையோட மூணு நாள். பேசும்போதே மூச்சு வாங்குது. எங்கம்மா போனதுக்கப்புறம் என்னைத் தூக்கி வளர்த்தவங்க. டயாலிசிஸ் நோயாளிங்களை ஏத்துற அந்தப் படகுக்கு, யாரை எங்க ஏத்தணும்னு காட்டுற புரோகிராமை எழுதினவளே நான்தான். கொடுமையப் பாருங்க!

"காலையிலயே பதிஞ்சீங்கல்ல?"

"பதிஞ்சுட்டேன்டி. 'டிட்டரிமா', ஏத்துக்கிட்டோம்னு மெசேஜ்கூட வந்துச்சே."

நான் திரும்பிப் பார்த்தேன். ஸ்கூடாய்ல எங்க ஆபீஸ் ஒரு கடைவீட்டு மாடி. இருக்கிறதே நாங்க ரெண்டு பேர். எதிர் மேசையில ஷாநவாஸ். பேரைப் பதியுற பக்கம் அவனோடது, பிஎச்பியில எழுதினான். படகுக்கு வழி சொல்ற பக்கம் என்னோடது, பைத்தான். அவன் புரோகிராமும் என் புரோகிராமும் நேரா பேசிக்காது. நடுவுல கேஷ்னு ஒரு தற்காலிகக் கிடங்கு இருக்கு. சாப்பாட்டுக்கடையில சமையல்காரர் தட்டை வைக்கிற மேடை மாதிரின்னு வச்சுக்கோங்க. அவன் வைப்பான், நான் எடுப்பேன்.

"டேய், எங்க சின்னம்மா பேரை என்னடா பண்ணித் தொலைச்ச?"

"நான் என்ன பண்ணேன்? இங்க பாரு, இருக்கு. உன் பக்கத்தைப் பாரு முதல்ல!"

"என் பக்கம் ஒழுங்காத்தான் ஓடுது!"

"அப்ப என் பக்கமும் ஒழுங்காத்தான் ஓடுது, லா!"

எழுந்து போய் அவனை நாலு அறை விடலாம்னு இருந்துச்சு. அப்பதான் என் திரையைக் கவனிச்சேன். பின், பிந்தின்னு மலாய்ப் பேரு, டான், லிம்னு சீனப் பேரு. மேலருந்து கீழ வரைக்கும் உருட்டினேன். ஒரு தமிழ்ப் பேரு இல்லை. ஏன், கோத்தா திங்கியில தமிழங்களே இல்லையா? கிட்னி கெட்ட தமிழங்க இல்லையா?

"ஷா, கேஷுக்குள்ள கெடக்கிறதை அப்படியே தொறந்து காட்டு. உன் பக்கம் வழியா வேணாம். பச்சையா காட்டு."

காட்டினான். சின்னம்மா பேரு கெடந்துச்சு. பேச்சியம்மாள், அப்புறம் ஏ, அப்புறம் பி. அந்த ஏக்கும் பிக்கும் நடுவுல எப்பவும் இருக்கிற சாய்ந்த கோடு. அதுக்கு முன்னாடி, எதிர்ப்பக்கம் சாஞ்சு இன்னொரு கோடு.

"அலமாக்!" ஷாநவாஸ் தலையில கை வச்சுக்கிட்டான். "பிஎச்பி அப்படித்தான். ஒரு கோட்டைப் பார்த்தா அதுக்குக் காவலா இன்னொண்ணைச் சேர்த்து எழுதும். படிக்கிறவங்க அதைக் கழட்டிட்டுப் படிக்கணும்."

நான் அந்தக் காவல் கோட்டைக் கழட்டலை. வேகமா ஓடட்டும்னு வரியை நானே வெட்டிப் படிக்க வச்சிருந்தேன். பேருக்குள்ள விசித்திரமா ஏதாவது குறி இருந்தா குப்பைன்னு ஒதுக்கிடுன்னும் எழுதியிருந்தேன். பின்னுக்கும் பிந்திக்கும் கோடு கிடையாது. சீனப் பேருக்கும் கிடையாது. ஏ/எல், ஏ/பின்னு மகனா மகளான்னு கோடு போட்டுக்கிட்டுத் திரியுறது நாமதான். ஷாநவாஸ் சோதிச்சது அவங்க வீட்டு ஆளுங்க பேரை வச்சு, நைனா முகம்மது பின், சுலைஹா பிந்தின்னு. நான் சோதிச்சது வெறும் லோஷினி, மலர், தீபன். அந்த ஏ/பியை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, எங்கயும் போட மாட்டேன். ஆனா ஐசி அடையாள அட்டையில இருக்கிற மாதிரிதானே சனங்க பதிவாங்க!

திருத்தினேன். அவசரத்துல ரெண்டு தடவை தப்பா அடிச்சேன். ஓட விட்டதும் வரைபடத்துல செவப்புப் புள்ளி மளமளன்னு விழுந்துச்சு. தாமான் குடியிருப்புல, எஸ்டேட் பக்கம், ஆத்தோரம், எல்லாம் நம்ம சனங்க. காலையிலருந்து இந்தப் படகு இவங்க எல்லாரையும் தாண்டித் தாண்டிப் போயிருக்கு.

படகுக்காரன் ரேடியோவுல கேட்டான். தண்ணி வேகம் கூடுது, இருட்டறதுக்குள்ள இன்னும் ஒரு நடைதான் முடியும், படகுல ஒரு நோயாளிக்குத்தான் இடம், எங்க போகட்டும்?

திரையில முதல் பேரு குணாளன் ஏ/எல் ஹேமநாதன். டயாலிசிஸ் தவறி அஞ்சு நாள். சின்னம்மா ரெண்டாவது.

ஷாநவாஸ் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டான். "மேல தூக்கிப் போட்டுடு லோஷினி. நான் எதையும் பார்க்கலை."

சுட்டியைச் சின்னம்மா பேர் மேல வச்சேன். ஒரு இழுப்புதான். சத்தியமா இழுக்கத்தான் நினைச்சேன். மூணாவது நாளே அவங்களுக்கு இப்படி மூச்சு வாங்குதே, அஞ்சாவது நாள்ல அந்த மனுசன் எப்படிக் கெடப்பாருன்னு தோணிடுச்சு. பாழாப்போன மனசு, அந்த நேரம் பார்த்தா தோணணும்! கையை எடுத்துட்டு ரேடியோவுல குணாளன் வீட்டு விலாசத்தைச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்துல சின்னம்மா கூப்பிட்டாங்க.

"லோசு, படகு வருதுடி! ஜன்னல்ல துணியை ஆட்டிக்கிட்டு இருக்கேன்." அப்புறம், "ஐயையோ, நிக்கலையே... தாண்டிப் போறான்டி. பேரு இன்னும் வரலையா?"

"வந்துடுச்சு சின்னம்மா. நான்தான் அவனைத் தாண்டிப் போகச் சொன்னேன்."

போன்ல படகுச் சத்தம் தூரமாப் போறது கேட்டுச்சு.

"அஞ்சு நாளா டயாலிசிஸ் இல்லாம ஒருத்தர் கெடக்காரு, சின்னம்மா. அடுத்த படகு விடியக்காலையிலதான்."

"நம்ம ஆளா?"

"ம்."

"சரி." மூச்சை இழுத்து விட்டாங்க. "எனக்குப் பயமா இருக்குடி. போனை மட்டும் வச்சுடாத."

வைக்கலை.