வெற்றிலைக்கு அடியில் இருபது ரூபாய்

வீரபாகு ஒரு தோலைத் தொட்டுப் பார்த்துத் தர எண் போட்டால் போட்டதுதான். ஒன்று, இரண்டு, மூன்று, கழிவு. ஆம்பூரிலிருந்து மெட்ராஸுக்குப் போகிற தோல்கட்டின் மேல் அவர் எண் இருந்தால், பெரியமேட்டு வியாபாரிகள் அவிழ்த்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். மாட்டை உண்ணி கடித்த இடம், முள் கிழித்த இடம், சுண்ணாம்பு ஜாஸ்தியான இடம், எல்லாம் அவர் உள்ளங்கைக்குத் தெரியும். அப்பேர்ப்பட்ட கைதான் 1963-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரே ஒரு காகிதத்தின் முன்னால் தரம் சொல்லத் தெரியாமல் தடுமாறியது.

வேலூர் வருமான வரி ஆபீஸிலிருந்து வந்த காகிதம் அது. அவர் வேலை பார்த்த தோல் தொழிற்சாலையின் கிளார்க் படித்துச் சொன்னார். சம்பளம் போக வேறு வருமானம் இருப்பதாகத் தெரிகிறது, புதன்கிழமை நேரில் வந்து விவரம் சொல்லவும்.

வேறு வருமானமா! புது வரிச் சட்டம் வந்ததென்று தொழிற்சாலையில் ஆளுக்கொரு தாள் கொடுத்து எழுதி வாங்கியிருந்தார்கள். அதில் 'வேறு வருமானம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார் வீரபாகு. மனதறிந்து பொய் சொன்னாரா என்றால், இல்லை. மனிதருக்கு நிஜமாகவே அப்படி ஒன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆம்பூரில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு வீரபாகு பஸ் ஏறி மேல்விஷாரம் போவார். மதியத் தொழுகை முடிந்ததும் ரஷீத் அஹமது பாய் தன் கிடங்கைத் திறப்பார். அந்த வாரம் வந்த தோலையெல்லாம் வீரபாகு தரம் பிரித்துக் கொடுப்பார். கிளம்பும்போது ஒரு தாம்பாளம் வரும். வெற்றிலை, பாக்கு, அடியில் மடித்த காகிதத்துக்குள் இருபது ரூபாய். கொடுத்தவர் முன்னால் அதைப் பிரிக்கக் கூடாது. எண்ணவே கூடாது. கூலி என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. அதற்குப் பெயர் கை மரியாதை. பதினெட்டு வருஷமாக இதே வழக்கம்தான். மரியாதையைப் போய் வருமானம் என்று யாராவது எழுதுவார்களா?

ஆனால் பாயின் கணக்கர் எழுதியிருந்தார். 'தோல் தரம் பார்த்த வகையில் வீரபாகுவுக்கு' என்று வாராவாரம் செலவுப் பக்கத்தில் ஏற்றியிருந்தார். பாயின் கணக்கைப் பார்த்த ஆபீஸ், அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஆம்பூருக்கு வந்துவிட்டது.

"இன்னாங்க இது, ஜெயில்ல போட்டுடுவாங்களா?" என்றாள் மனைவி அம்சவேணி.

"ஜெயில் கெடக்குது வுடு. பொய்க் கையெழுத்துப் போட்டவன்னு பேர் வந்துட்டா, அப்புறம் நான் போடற நம்பரை எவன் நம்புவான்?"

அதுதான் பயம். வேறொன்றும் இல்லை. அவரிடம் இருந்த சொத்தே அந்த நம்பர்தான்.

செவ்வாய்க்கிழமை மேல்விஷாரத்துக்கு ஓடினார். ரஷீத் அஹமது பாய் கேட்டதும் கையை உதறினார்.

"இதுக்குப் போய் பேஜார் ஆவறியே! நான் பிரியப்பட்டுக் குடுத்த மரியாதைன்னு சொல்லிடு. மரியாதைக்கு வரி கெடையாது."

"அப்ப உங்க கணக்குல எழுதனது, பாய்?"

"மரியாதைன்னா அது செலவுல நிக்காது. எனக்கு வரி கொஞ்சம் ஜாஸ்தி ஆவும். ஆவட்டுமே. பதினெட்டு வருஷ தோஸ்த்து நீ."

வீரபாகுவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனிதரா என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினார்.

மறுநாள் வேலூரில் அவர் எதிர்பார்த்தது மீசையும் உருட்டுக் கண்ணும். மேஜைக்குப் பின்னால் இருந்ததோ, ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த ஓர் ஒல்லி ஆபீசர். பெயர் சீனிவாசன். "உக்காருங்க" என்றார். அரசாங்க ஆபீஸில் வீரபாகுவை யாரும் உட்காரச் சொன்னதில்லை. நாற்காலி நுனியில் தொத்திக்கொண்டார்.

"மேல்விஷாரத்துல வர்ற பணம் கூலியா, அன்பளிப்பா? நீங்க சொல்றதை எழுதிக்கிறேன்."

ஒரே வார்த்தை. அன்பளிப்பு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். வாய்வரை வந்தது. வந்த வார்த்தையை, பழக்க தோஷம், தோலைப் போல மனதுக்குள் ஒரு தரம் தடவிப் பார்த்தார். நான் போகாத வெள்ளிக்கிழமை பாய் தாம்பாளத்தை வீட்டுக்கு அனுப்பினாரா? இல்லை. நான் ஒரே ஒரு தடவை நம்பரைத் தப்பாகப் போட்டிருந்தால் மறுவாரம் கூப்பிட்டிருப்பாரா? மாட்டார். அப்புறம் இது எந்த ஊர் மரியாதை? கழிவுத் தோலுக்கு ஒன்றாம் நம்பர் போடச் சொல்லிப் பெரிய பெரிய வியாபாரிகள் கெஞ்சியும் போடாத கை, இன்றைக்குத் தனக்காகப் போடுமா?

"கூலிதாங்க," என்றார். "தெரியாம இல்லைன்னு எழுதிட்டேன். மாட்டிக்கிட்டதால சொல்லல, சார். யோசிச்சுப் பாத்தா கூலிதான்."

ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

"சம்பளம் வருஷத்துக்கு ரெண்டாயிரத்து அறுநூத்தி நாப்பது. வெள்ளிக்கிழமை வரும்படி, நீங்க போன நாப்பத்தஞ்சு வாரத்துக்கு, தொள்ளாயிரம். தனித்தனியாப் பாத்தா ரெண்டுமே மூவாயிரத்துக்குள்ள. வரி கெடையாது. ஆனா ஆள் ஒண்ணுதானே? சேத்துத்தான் பாக்கணும்."

வீரபாகு சட்டென்று தலையாட்டினார். தோலை ரெண்டாக வெட்டி, நல்ல பாதியை மட்டும் காட்டி நம்பர் கேட்பவர்களை அவர் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்! முழுத் தோலையும் விரித்தால்தான் தரம் சொல்ல முடியும். டெல்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவனுக்கு இது எப்படித் தெரிந்தது?

"மேல்விஷாரம் போய் வர என்ன செலவு ஆவுது?"

"சார்?"

"பஸ் சார்ஜ், கத்தி, சாணைக்கல்லு. அந்த வேலைக்குன்னு உங்க கையிலேர்ந்து போறது. அதைக் கழிச்சுட்டுத்தான் பாக்கணும்."

வீரபாகு நாற்காலி நுனியிலிருந்து உள்ளே நகர்ந்து உட்கார்ந்தார். பதினெட்டு வருஷத்தில் முதலாளி கேட்டதில்லை, பாய் கேட்டதில்லை, அவரே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. எங்கேயோ இருக்கிற சட்டப் புத்தகத்துக்கு அவருடைய பஸ் சார்ஜ் தெரிந்திருக்கிறது. கத்தி மழுங்கும் என்பதுகூடத் தெரிந்திருக்கிறது. அடேயப்பா! விரல் விட்டு எண்ணிச் சொன்னார். நூற்று ஐம்பது கழிந்தது.

"குழந்தைங்க?"

"இல்லீங்க."

"இருந்திருந்தா வரம்பு கூடும், வரியே வந்திருக்காது," என்றார் ஆபீசர். பேனா ஒரு கணம் நின்றது. பிள்ளையில்லாத அந்த வேதனைக்குக்கூடச் சட்டப் புத்தகத்தில் ஓர் இடம் இருந்தது.

கடைசியில் வரி பன்னிரண்டு ரூபாய் சொச்சம். தெரியாமல் செய்த தப்பு, கேட்டதும் ஒப்புக்கொண்டார் என்று குறித்து, அபராதம் இல்லாமல் முடித்துவிட்டார். பன்னிரண்டு ரூபாய்க்கா பத்து நாள் சோறு இறங்காமல் கிடந்தோம் என்று வீரபாகுவுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

"இந்தத் தாள்ல தொகையை ரெண்டு தலைப்புல போட்டிருக்கீங்க, சார். ஒண்ணு சம்பளம். இன்னொண்ணு இன்னா?"

"தொழில். டாக்டருங்க, வக்கீலுங்க வருமானமெல்லாம் வர்ற தலைப்பு."

"அதுலயா என் பேரு?"

"ஆமா. உங்க அறிவை வச்சு சம்பாதிக்கிறீங்க இல்ல?"

வெளியே வந்தவர் கோட்டை அகழி ஓரமாக ரொம்ப நேரம் நின்றுவிட்டார். தொழிற்சாலைப் பேரேட்டில் அவர் எத்தனையோ ஆட்களில் ஓர் ஆள். இந்தத் தாளில் டாக்டர், வக்கீல் வரிசையில் அவருடைய உள்ளங்கை இருந்தது.

வெள்ளிக்கிழமை மேல்விஷாரம் போனார். நடந்ததைக் கேட்டு ரஷீத் அஹமது பாய் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பியே, பைத்தியக்காரா!"

வேலை முடிந்தது. தாம்பாளம் வந்தது. வீரபாகு வெற்றிலையைக் கண்ணில் ஒற்றி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் பாய் முகத்துக்கு நேராகவே காகிதத்தைப் பிரித்தார். எண்ணினார். கிடங்கில் இருந்தவர்கள் திகைத்துப் பார்த்தார்கள்.

"இன்னாடா இது புதுசா? கம்மியா இருக்குதா?" என்றார் பாய், பாதி விளையாட்டாக.

பதினெட்டு வருஷமாக மரியாதையிடம் கேட்க முடியாததை வீரபாகு கேட்டார். "கம்மிதான், பாய்."

பாய் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தோளிலிருந்து துண்டை எடுத்து வலது கைமேல் போட்டு மூடிக்கொண்டு முன்னால் நீட்டினார். தோல் வியாபாரிகள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான், விரலுக்குப் பத்து ரூபாய் கணக்கில், விலை பேசுவார்கள். அந்தத் துண்டுக்குள் எத்தனையோ பேர் கை போவதை வீரபாகு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

"சொல்லு, வீரபாகு," என்றார் பாய்.

வீரபாகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். துண்டுக்குள் விட்டார். பாயின் மூன்று விரல்களைப் பிடித்தார்.