தொண்ணூறு நாள் நடை ஒரே காலையில்

கிரேன் ஓட்டுநருக்கு இரத்த அழுத்தம் நூற்றி அறுபது. நூற்றி நாற்பதுக்குள் இறங்கினால்தான் தகுதிச் சான்றிதழ். இல்லையென்றால் பதினோரு மாடி உயரத்தில் இருக்கும் அந்த இருக்கை, கீழே நின்று சைகை காட்டும் மச்சினனுக்கு. தினம் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லி நிறுவன மருத்துவர் மூன்று மாதம் தவணை கொடுத்திருந்தார். மனுஷன் நடந்தது இரண்டே நாள். மூன்றாம் நாள் கால்வலி, நான்காம் நாள் சோம்பல், அப்புறம் சுத்தமாக மறதி.

"உடம்பை வருத்திக்காதீங்க மாமா" என்று மச்சினன் தினமும் உருகினான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

பரிசோதனை நாளன்று விடிந்ததும்தான் ஓட்டுநருக்குத் தவணை நினைவுக்கு வந்தது. இருபது வருடமாக மேலேயே இருந்தவருக்கு, கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதை நினைத்தாலே அழுகை வந்தது. விட்டதையெல்லாம் ஒரே மூச்சில் பிடித்துவிடலாம் என்று இரண்டு மணி நேரம் விறுவிறுவென நடந்தார். மருத்துவர் அறையின் படிகளை ஓடியே ஏறினார்.

"சீக்கிரம் பாருங்க டாக்டர், சூடு ஆறுறதுக்குள்ள!"

நூற்றி எண்பது. மருத்துவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓடி வந்தா இதயம் வேகமா அடிக்கும், அழுத்தமும் ஏறத்தான் செய்யும். ஒரு மணி நேரம் பேசாம உக்காருங்க."

வாசலில் நின்ற மச்சினன் சைகைக் கையுறைகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். இனி அவை தேவைப்படாது என்று நினைத்துவிட்டான் போலும்.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நூற்றி முப்பத்திரண்டு! ஓட்டுநர் துள்ளி எழுந்தார்.

"ரொம்ப ஆடாதீங்க" என்றார் மருத்துவர். "நீளமா நடந்தா ரத்தக் குழாய் தளரும். சில மணி நேரம் அழுத்தம் கம்மியா இருக்கும். நாளைக்குப் பழையபடி ஏறிடும். விடாம மாசக்கணக்கா நடந்தாத்தான் இறங்கினது இறங்கினபடி நிக்கும்."

"நாளைக் கதை நாளைக்கு. இன்னைக்குக் கையெழுத்தைப் போடுங்க."

மருத்துவர் மறுக்காமல் போட்டுக் கொடுத்தார். ஓட்டுநர் அதை மச்சினன் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

அவன் நிதானமாகப் படித்தான். "மாமா, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்னு எழுதியிருக்கு."

"நாளைக்கும் நடந்தே வாங்க, இன்னொண்ணு தரேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தினமுமா? உங்களால முடியாதே மாமா" என்றான் மச்சினன், தேன் ஒழுக.

ஓட்டுநர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "காலையில அஞ்சரைக்கு நீயே வீட்டுக்கு வந்து எழுப்பு மாப்ள. உங்கக்கா எழுப்பினா புரண்டு படுத்துடுவேன். உன் மூஞ்சியைப் பாத்தா எந்திரிச்சு ஓடிடுவேன்."