காலாவதியான ஃபிலிமில் இரண்டு அண்ணன்கள்

ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் ஃபிலிம் சுருள்களை அடுக்கி வைக்கிற புருஷன் கிளெனிஸுக்கு வாய்த்திருந்தான். அத்தனையும் 1998-லேயே காலாவதியானவை. காலாவதியான பிறகு போன ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும், படம் எடுக்கும்போது வெளிச்சத்தை ஒருமுறை இரட்டித்துக் கொடுத்தால் போதும், நிறம் பிரமாதமாக வரும் என்று மெர்வ், விட்னியார்ட் ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தான். விற்றவர் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தாராம். இவனும் நம்பிவிட்டான்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். படகை விற்ற தகராறில் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அவளுடைய அண்ணன்கள் ரஸ்ஸலும் காலினும் அப்பாவோடு சேர்ந்து நிற்கிற படம். அப்பாவுக்கு எண்பத்தைந்து. அடுத்த பிறந்தநாளுக்கு இருப்பாரோ என்னவோ. கெஞ்சிக் கூத்தாடி இருவரையும் படகுத்துறைக்கு வரவழைத்திருந்தாள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் அண்ணன்கள், ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி. வானம் மூடியிருந்ததால் ஒவ்வொரு படத்துக்கும் அரை நொடி சிலை மாதிரி நிற்கவேண்டுமாம். அதையும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து மும்மூன்று முறை எடுக்கவேண்டுமாம். கிளெனிஸ் தன் போனை நீட்டினாள்.

"முதல்ல இதுல ஒண்ணு எடுத்துத் தொலை, மெர்வ். உனக்குப் புண்ணியமாப் போகும்."

இது முடியட்டும் என்றான் அவன். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருபதாவது தடவை அசையாதீங்க என்றபோது ரஸ்ஸல் உதடு அசையாமல் முணுமுணுத்தான். "இவன் நம்மளப் புதைச்சிட்டுத்தான் விடுவான் போல."

"அப்பா நல்லாத்தான் இருக்காரு. நமக்குத்தான் முட்டி போச்சு" என்றான் காலின், கடலைப் பார்த்தபடியே.

சுருள் முடிவதற்கும் மழை கொட்டுவதற்கும் சரியாக இருந்தது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் கார்களுக்கு ஓடினார்கள். போனில் ஒரு படம்கூட எடுக்காமலே போயிற்று.

இரண்டு வாரம் கழித்து லேபிலிருந்து வந்த முப்பத்தாறு படமும் வெறும் ஊதாப் புகை. விற்றவரைக் கேட்டால், குளிர்ப்பெட்டியில்தான் இருந்தது, ஆனால் அந்தப் பெட்டி கெட்டுப்போய் இருபது வருஷமாகத் தகரக் கொட்டகையில் கிடந்தது என்கிறார். மெர்வ் தலையைச் சொறிந்தான். கிளெனிஸ் அவனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். தீர்த்தும் ஆறவில்லை. இனி அந்த இரண்டு பேரையும் எந்த முகத்தோடு மறுபடி கூப்பிடுவது?

இளகின மனசு என்று முதலில் காலினுக்கே போன் போட்டாள்.

"காலின், கோவிச்சுக்காத..."

"காலின் இல்ல, நான் ரஸ்ஸல். அவன் கை பூரா மீன் செதிலு. என்ன விஷயம், சொல்லு."