வலது பக்கப் பட்டன்

பட்டன் இடப்பக்கம் இருந்தால் என்ன, வலப்பக்கம் இருந்தால் என்ன என்று கேட்பவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. ஆய்வகங்களிலும் ஆலைகளிலும் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் திரை எப்படி இருக்க வேண்டும் என்று ஆலோசனை சொல்கிறேன். எந்த வகைக் கணினியில் போட்டாலும் அது ஒழுங்காக ஓட வேண்டும், உட்கார்ந்திருப்பவர் குழம்பக்கூடாது. இதை எத்தனை முறை விளக்கினாலும் அக்கா, "கலர் அடிக்கிற வேலைன்னு சொல்லிட்டுப் போயேன்டி" என்பாள்.

அந்த அக்காவும் அத்தானும் வேலை பார்க்கும் சோதனைக்கூடமே என்னைக் கூப்பிட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பாரம் தூக்கும் இரும்பு வடங்களை இயந்திரத்தில் மாட்டி, அறுகிறவரை இழுத்துப் பார்க்கும் இடம் அது. அக்கா கம்பிக் கூண்டுக்குள் போய் வடத்தின் இரண்டு முனைகளையும் பிடிகளில் பூட்டுவாள். அத்தான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார். "வீட்லயும் அவ கை காட்டினா நான் செய்யணும், இங்கயும் அதே கதைதான்" என்று அலுத்துக்கொள்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

பழைய கணினி மூச்சு வாங்க ஆரம்பித்ததால் வேறு வகைக் கணினி வாங்கியிருந்தார்கள். மென்பொருளை அதற்கு மாற்றும் வேலை என் யோசனைப்படி முடிந்து, அன்றைக்குக் கீழே முதல் வடம் ஏறியது. மேலே மேலாளர் அறையில் பழைய திரையின் படத்தையும் புதிய திரையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சரிங்க சார்'. எதைச் சொன்னாலும் அதைத்தான் சொல்வார்.

"பட்டன் வரிசையை நாம முடிவு பண்ணவே வேண்டாம் சார். அந்தந்தக் கணினியோட வழக்கப்படி மென்பொருளே மாத்தி வச்சுக்கும்."

"சரிங்க."

மாற்றி வைத்துக்கொள்ளும் என்று என் வாயாலேயே சொன்ன பிறகுதான் நானே அந்தப் படங்களை ஒழுங்காகப் பார்த்தேன்.

வடம் லேசான இழுப்பில் நிற்கும்போது அக்கா உள்ளே போய், ஒரு தடவைக்கு ஒரு பிடியாக இறுக்குவாள். அப்போது திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து காத்திருக்கும். அதில் இரண்டே பட்டன்கள். 'தொடர்' என்றால் இயந்திரம் முழு பலத்தோடு இழுக்கும். 'நிறுத்து' என்றால் இழுப்பு மெல்லத் தளரும். அக்கா வேலையை முடித்துக் கையைத் தூக்கினால் அத்தான் 'நிறுத்து' என்பதை அழுத்துவார், வடம் தளர்ந்த பிறகு அவள் வெளியே வருவாள். பழைய கணினியில் 'நிறுத்து' வலப்பக்கம் இருந்தது. புதியதில் அந்த இடத்தில் 'தொடர்' இருந்தது. இரண்டுக்கும் ஒரே சாம்பல் நிறம். அந்த அழகும் என் யோசனைதான்.

அத்தான் திரையைப் பார்க்க மாட்டார். அவர் கண் எப்போதும் கண்ணாடிக்கு அப்பால் அக்காமேல்தான் இருக்கும். வலப்பக்கத்தைக் கை தானாகக் கண்டுபிடித்துவிடும்.

"சார், இப்ப யாராவது கூண்டுக்குள்ள இருக்காங்களா?"

மேலாளர் ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். "உங்க அக்கா போய்க்கிட்டிருக்காங்க. ஏம்மா, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் முதல்முறையாக 'சரிங்க' சொல்லாமல் மேசைமேல் இருந்த மைக்கை எடுத்தார். "நிறுத்தச் சொல்றேன்!"

அப்போதுதான் எனக்கு உயிரே போயிற்று. அந்தக் கூடத்தில் ஒரு விதி உண்டு. ஒலிபெருக்கியில் யார் குரல் கேட்டாலும், என்ன சொன்னாலும், முதலில் நிறுத்து, பிறகு காரணம் கேள். அத்தான் அதில் புலி. குரல் கேட்ட மறுகணம் அவர் விரல் வலப்பக்கம் அழுத்தியிருக்கும். சுவரில் சிவப்புப் பட்டன் இருக்கிறதே என்பீர்கள். அதை அடித்தால் பிடிகள் பட்டென்று திறந்து வடம் சீறிக்கொண்டு வரும். உள்ளே ஆள் இருக்கும்போது அதைத் தொடவே கூடாது.

மைக்கின் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். "அதைத் தொட்டீங்கன்னா உங்க கையை ஒடிச்சிருவேன் சார்!"

செருப்பு ஒரு பக்கம் போக, படிகளில் இறங்கி ஓடினேன். அடிப்பாவி, கலர் அடிக்கிற வேலையைக்கூட உருப்படியாகச் செய்யவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டே ஓடினேன். கூடத்தின் வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். நான் பதறிப்போய் நுழைந்தால் அத்தானும் பதறுவார். பதறினால் அவர் கை போகிற இடம் ஒன்றுதான். 'நிறுத்துங்க' என்று கத்துவதற்கும் அக்காவை நானே பிடித்துத் தள்ளுவதற்கும் வித்தியாசம் இல்லை.

மூச்சை அடக்கிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு உள்ளே நடந்தேன். அத்தானின் கை மவுஸ்மேல் இருந்தது. திரையில் அம்புக்குறி வலது பட்டனுக்கு மேலேயே நின்றது. கண்ணாடிக்கு அப்பால் அக்கா குனிந்து மேல் பிடியின் கடைசித் திருகைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்தான்!" என் குரல் எனக்கே இளிப்பாகக் கேட்டது. "கையைக் குடுங்க, கையைக் குடுங்க!"

"என்னம்மா, என்ன விசேஷம்?" என்று சிரித்துக்கொண்டே மவுஸை விட்டுக் கையை நீட்டினார். நான் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணாடிக்கு அப்பால் அக்காவின் கை உயர்ந்தது.

"இரும்மா, அக்கா கூப்பிடறா, விடு." அவர் இழுத்தார். நான் விடவில்லை. "விளையாடாதே, அவ உள்ள நிக்கிறா!"

"திரையைப் பாருங்க அத்தான். வலப்பக்கம் என்ன எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லுங்க."

அவர் எரிச்சலோடு திரும்பிப் பார்த்தார். படித்தார். என் கைகளுக்குள் இருந்த அவர் கை சில்லிட்டுப் போனது. நான் பிடியை விட்டேன். அவர் இடப்பக்கம் அம்புக்குறியைக் கொண்டுபோய், எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையைப் போல வாய்விட்டு 'நிறுத்து' என்று படித்து, அழுத்தினார். வடம் தளர்ந்தது.

அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள். "எவ்வளவு நேரம் கையைத் தூக்கிட்டு நிக்கிறது? மச்சினிச்சியைப் பார்த்ததும் பொண்டாட்டி மறந்துபோச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. அத்தான் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். நான்தான் சொன்னேன், அழுதுகொண்டே, ஒன்றையும் மறைக்காமல். என் யோசனை, என் சாம்பல் நிறம், என் பெருமை எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திரையருகே குனிந்து இரண்டு சொற்களையும் பார்த்தாள்.

"கீழ்ப் பிடி இன்னும் பாக்கி இருக்கு. அதையும் இறுக்கினாத்தான் வடத்தை இழுத்துப் பார்க்க முடியும்" என்றாள்.

"இன்னைக்கு வேணாம்" என்றார் அத்தான்.

"அப்படியே தொங்கவிட்டுட்டு வீட்டுக்குப் போறதா? நாளைக்கும் நான்தானே உள்ள போகணும்." கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு அத்தான் பக்கம் திரும்பினாள். "எந்திரிங்க நீங்க. உங்க கையை இன்னைக்கு நம்ப முடியாது. இவ உக்காரட்டும். இவ வச்ச பட்டன்தானே, இவளே அழுத்தட்டும்."

"அக்கா, நான் ஒருநாளும் இதை அழுத்தினதே..."

"தெரியும்" என்றாள் அக்கா. "அதான் உக்காரச் சொல்றேன்."

உட்கார்ந்தேன். அவள் கூண்டுக்குள் போனாள். மெல்லிய இழுப்பில் வடம் விறைத்தது. திரையில் அந்தச் சின்னப் பெட்டி வந்து நின்றது. நான் எத்தனையோ கூட்டங்களில் விரல் நீட்டிக் காட்டிய பெட்டி. இப்போது அதன் எழுத்துகள் தண்ணீரில் மிதப்பதுபோல் ஆடின.

அக்கா நிமிர்ந்து கையைத் தூக்கினாள்.

அம்புக்குறியை இடப்பக்கம் கொண்டுபோனேன். "இது நிறுத்துதானே அத்தான்?"

"நிறுத்துதான்."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"நிறுத்துதாம்மா. அழுத்து."

கண்ணாடிக்கு அப்பால் அக்கா கையைத் தூக்கியபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடியும் முதல் எழுத்திலிருந்து படித்தேன்.